காலின் மேல் நம்பிக்கை

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் வயது முதிர்ந்த ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டால், வீட்டார் முதற்கண் செய்யும் காரியம் ஒன்று உண்டு. உள்ளறையில் கிடக்கும் கட்டிலைக் கூடத்திற்குக் கொண்டுவந்து போடுவார்கள். மூத்தவர் அதில் அமர வேண்டும். அமர்ந்த இடத்திற்கே கஞ்சி வரும், மாத்திரை வரும், கை கழுவத் தண்ணீர் வரும். அவர் காலைத் தரையில் ஊன்றிய மாத்திரத்தில் மகன் ஒருபுறமும் மருமகள் மறுபுறமுமாக ஓடிவந்து, "எதுக்கு எந்திரிக்கிறீங்க? என்ன வேணும்னு சொல்லுங்க, நாங்க எடுத்துத் தர்றோம்" என்பார்கள். பெற்றோரைப் பேணுதல் நம் மார்க்கம் நமக்கு இட்ட கட்டளைகளுள் தலையாயது. அதனை இவ்வளவு கண்ணுங் கருத்துமாக நிறைவேற்றும் பிள்ளைகளைக் குறை கூற யாருக்கு மனம் வரும்?

ஆயினும், அந்த அன்பின் மிகுதியால் மூத்தவரிடமிருந்து அவரறியாமலே பறிபோகின்ற ஒரு பொருள் இருக்கிறது. "விழாமல் நடந்துவிடுவேன்" என்று தம் காலின் மேல் அவர் கொண்டிருந்த உறுதியே அது. நோய் அதில் பாதியைக் கொண்டுபோகிறது. மீதியை நாம் கொண்டுபோகிறோம். இதைக் குறித்து மருத்துவ ஏடுகளில் நாம் படித்தவற்றையும், நம் குடும்பத்தில் கண்ணால் கண்டவற்றையும் வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் வெறும் மனப்பிரமை அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டொன்றுக்கு உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்ததன் காரணமாக இறக்கிறார்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் முதியவர்கள். புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் முதியவருக்கோ இந்த அபாயம் இன்னும் ஒருபடி மிகுதி. காரணம் நோய் மட்டுமன்று. நோயைத் தீர்க்க வந்த மருந்துகளும் அதில் பங்கு கொள்கின்றன.

நாம் நிலைகுலையாமல் நிற்பதற்கு மூன்று சாட்சிகள் ஒத்துழைக்கின்றன. கண் ஒன்று. காதின் உட்புறத்தே அமைந்த சமநிலை உறுப்பு மற்றொன்று. மூன்றாவது சாட்சி உள்ளங்காலும் மூட்டுகளும். தரை மேடா பள்ளமா, ஈரமா உலர்ந்ததா, செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்பதையெல்லாம் உள்ளங்கால் நொடிதோறும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்சாலிபிளாட்டின், மார்பகப் புற்றுநோய்க்கும் வேறு சிலவற்றிற்கும் கொடுக்கும் பாக்லிடாக்சல், இரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் ஆகிய மருந்துகள் இந்த மூன்றாவது சாட்சியின் வாயைக் கட்டிவிடுகின்றன. (வின்கிறிஸ்டின், நம் வீட்டு வாசல்களில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது என்பதை அறியாதார் பலர்.) விரல் நுனிகளிலும் பாதங்களிலும் மதமதப்பு தோன்றும், சிலருக்கு ஊசி குத்துவது போலவும் எரிவது போலவும் இருக்கும். ஆக்சாலிபிளாட்டினைப் பொறுத்தவரை, கீமோ முடிந்த பின்னும் சில மாதங்கள் இந்த மதமதப்பு ஏறிக்கொண்டே போவது உண்டு. "மருந்துதான் நின்றுவிட்டதே, இன்னும் ஏன்?" என்று வீட்டார் திகைப்பது இதனால்தான்.

பகலில் கண் என்னும் சாட்சி விழித்திருப்பதால் எப்படியோ சமாளித்துவிடலாம். பஜ்ரு வேளையில், விளக்கேற்றாத கூடத்தில், கண்ணும் கைவிட்டுவிட, எஞ்சுவது காது ஒன்றே. முதியவர் தடுமாறுவதற்கு வேறு என்ன வேண்டும்?

இவ்வளவோடு நிற்பதில்லை. வாந்தியைத் தடுக்கவும் வீக்கத்தைக் குறைக்கவும் தரப்படும் டெக்சாமெதசோன் நாட்பட்டால் தொடைத் தசைகளைத் தளர்த்திவிடும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது மலையேறுவது போலாகும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசியும், மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் மாத்திரைகளும் எலும்பின் அடர்த்தியைக் குறைப்பன. இரத்தசோகை, வயிற்றுப்போக்கு, நீர் வற்றிப்போதல் இவற்றால் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் மந்தத்தைத் தரும். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பத்தாண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உண்டுவந்த மாத்திரைகள், உடல் இளைத்து உணவு குறைந்துவிட்ட பிறகு அதே அளவில் தொடர்ந்தால் மிகையாகிவிடக்கூடும். புற்றுநோய் மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்வோர் எத்தனை பேர்?

இப்பகுதியிலிருந்து கீமோவுக்கும், மக்கள் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சுக்கும் பலர் மதுரைக்குச் சென்று வருகிறார்கள். 2022 மே மாதம் முதல் தேனியிலிருந்து மதுரைக்கு மீண்டும் ரயில் ஓடுகிறது. 2023 ஜூனில் அது போடிநாயக்கனூர் வரை நீண்டது. உத்தமபாளையம், கம்பம், கூடலூர்க்காரர்களுக்கோ இன்னமும் பேருந்துப் படிக்கட்டுதான். அந்தப் படிக்கட்டின் உயரத்தை நோயாளியின் காலால் அளந்து பார்த்தவர்க்கே அது விளங்கும்.

எமது பெரியத்தா அவ்வாறு சென்று வந்தவர்களுள் ஒருவர். எழுபத்து நான்கு வயது. உத்தமபாளையத்துக்கு அருகே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். பந்தலுக்குக் கீழே குனிந்தபடியே நாள் முழுதும் நடந்து பழகிய முதுகு. வரப்பில் ஒற்றையடி வைத்து நடந்து பழகிய கால்கள். பெருங்குடலில் கட்டி என்று கண்டுபிடித்து அறுவை செய்தார்கள், பிறகு கீமோ. நான்காவது முறை மருந்தேற்றி வந்த சில நாள்களில் தோட்டத்திலிருந்து வீடு திரும்பியவரின் ஒரு காலில் மட்டுமே செருப்பு இருந்தது. மற்றது வாய்க்கால் ஓரத்தில் கழன்று கிடந்திருக்கிறது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை! "மணல் மூட்டை மேல மிதிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார் எம்மிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு அவர் தோட்டத்திற்குப் போகவில்லை.

அடுத்ததாகப் பள்ளிவாசலுக்குப் போவது நின்றது. நாற்பது ஆண்டுகளாக பஜ்ருக்கு ஜமாஅத்தைத் தவறவிடாதவர். காரணம் கேட்டால், "முழங்கால் வலி" என்பார். மறுநாள் கேட்டால், "பனி அதிகமா இருக்கு" என்பார். பிள்ளைகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நோயாளிக்கு இல்லாத சலுகையா? நாற்காலி ஒன்று வாங்கிக் கூடத்தில் போட்டார்கள். தொழுகையும் அங்கே, உணவும் அங்கே. கவனிக்க வேண்டியது, இத்தனைக்கும் அவர் ஒருமுறைகூடக் கீழே விழவில்லை என்பதுதான். விழாமலே விழுந்துவிட்டவர் போல் ஆனார். இரண்டு மாதத்தில் தொடை வற்றியது. எழும்போது கை நடுங்கியது. மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) "கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு இரண்டாவது வரி இல்லை. பிள்ளைகள் தமக்குத் தெரிந்தவாறு பார்த்துக்கொண்டார்கள்: அப்பாவை அசையவிடவில்லை.

மருத்துவ உலகம் இந்நிலையை வெகுநாள் முன்னரே இனங்கண்டுவிட்டது. 1982-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த மர்ஃபி, பெர்னார்ட் ஐசக்ஸ் ஆகிய இருவர், கீழே விழுந்த முதியவர்களுள் சிலர் உடலில் பெருங்காயம் இல்லாதபோதும் பற்றிக்கொள்ளாமல் ஓரடியும் எடுத்துவைக்க இயலாதவராகிவிடுவதை எழுதினார்கள். அதன் சுழற்சி எளியது. அச்சத்தால் நடை குறைகிறது. நடை குறைவதால் தசை தளர்கிறது. தசை தளர்வதால் மெய்யாகவே விழும் அபாயம் கூடுகிறது. எதற்கு அஞ்சி அமர்ந்தாரோ அதனை அந்த அமர்வே அருகில் அழைத்துவிடுகிறது. நம் நாட்டிலும் முதியோர் மருத்துவம் என்று தனியே ஒன்று வேண்டும் என உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். முதுமையை நோயோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்பதை அவர் தமிழிலேயே மக்களுக்கு எழுதியும் வந்தார்.

1990-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டி என்ற மருத்துவப் பெண்மணியும் அவருடைய தோழர்களும் ஒரு புதிய கேள்விமுறையை வகுத்தார்கள். "உங்களுக்கு விழுவதற்குப் பயமா?" என்று அவர்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ஆண்மகன் எவனும் "ஆம்" என்று சொல்லமாட்டான், அது எந்த ஊரானாலும் சரி. அதற்கு மாறாக, குளிப்பது, படுக்கையிலிருந்து எழுவது, உடுத்துவது, அலமாரியிலிருந்து ஒன்றை எடுப்பது என்று பத்து அன்றாடக் காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இதை விழாமல் செய்துவிடுவீர்கள் என்பதில் எவ்வளவு உறுதி?" என்று கேட்டு மதிப்பெண் இடச் செய்தார்கள். 2005-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதனைப் பதினாறாக விரித்தார்கள். ஈரத்தரை, சரிவு, கரடுமுரடான பாதை, கூட்டம், வழிபாட்டுக்கோ உறவினர் நிகழ்ச்சிக்கோ போய்வருதல் முதலியன அதில் இடம்பெற்றன.

இந்த முறையில் ஓர் ஆழ்ந்த உண்மை பொதிந்திருப்பதாகவே நாம் கருதுகிறோம். நம்பிக்கை என்பது ஒரே கட்டியாக மனிதனுக்குள் கிடக்கும் பொருள் அன்று. காரியத்துக்குக் காரியம் அது வேறுபடுகிறது. கூடத்தில் துணிவாக நடப்பவர் கழிப்பறை வாயிலில் நடுங்குவார். ஆகவே "தைரியமா இருங்கத்தா" என்று பொதுவாகச் சொல்வது எவ்விடத்தையும் தைக்காத அம்பு. உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதியதும் இதற்குப் பொருந்துகிறது. ஒருவர் தம் ஆற்றலின் மீது கொள்ளும் நம்பிக்கைக்கு மிக வலிய ஊற்று, அந்தக் காரியத்தை அவரே ஒருமுறை செய்து முடித்துவிடுவது. தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது அதற்கு அடுத்தபடி. பிறர் சொல்லும் ஊக்கமொழி வலுக்குறைந்தது. நாமோ வலுக்குறைந்ததை வாரி வழங்கிவிட்டு வலியதைத் தடுத்துவிடுகிறோம்.

எமது பெரியத்தாவின் காரியத்திலும் முடிச்சு அவ்வாறே அவிழ்ந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவமும், வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. அவ்வாறு வந்த இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண். மேற்சொன்ன ஆய்வுகளை அவர் படித்திருந்தாரோ இல்லையோ, செய்தது அதையேதான். கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஐயா, கட்டிலை விட்டு எந்திரிச்சு கதவு வரைக்கும் போவீங்களா?" என்றார். "போவேன்." "குளியலறைக்கு?" "போவேன்." "திண்ணைக்கு?" "அதுக்கென்ன!" பெரியத்தாவுக்குச் சற்றே சினம். "இருட்டுல வாசப்படி இறங்கி?" விடையில்லை. "பள்ளிவாசல்ல ஒளூ செய்யிற இடம்?" விடையில்லை. "தொழுகையில தரையிலேர்ந்து எந்திரிக்கிறது?" நெடுநேரம் கழித்து, "அதுதாம்மா" என்றார்.

முழங்கால் வலியும் இல்லை, பனியும் இல்லை. மூன்றே மூன்று இடங்கள்.

அன்று மாலை எம் வீட்டுப் பெண்மக்கள் ஒரு தாளை எடுத்து அந்தக் கேள்விகளை நம் ஊருக்கேற்ப எழுதினார்கள். மேல்நாட்டார் பட்டியலில் நம் நிலைப்படி இல்லை. குந்தி அமரும் கழிப்பறை இல்லை. துவைகல்லைச் சுற்றிப் பாசி பிடித்த தரை இல்லை. வரப்பின் மேல் நடப்பது, கிணற்றடியில் குனிந்து வாளி எடுப்பது, மாடிப்படியில் கைப்பிடியில்லாத கடைசி மூன்று படிகள், ஆடிக்காற்றில் வேட்டி காலைச் சுற்றும்போது தெருவைக் கடப்பது, பேருந்து நின்றும் நிற்காமலும் இருக்கையில் இறங்குவது, ஜும்ஆ முடிந்து எல்லோரும் ஒரே வேளையில் செருப்பைத் தேடும் நெரிசல் என்று தாள் நிறைந்தது. எதிரே அவரே மதிப்பெண் இட்டார். நாம் எளிதென்று நினைத்த சிலவற்றில் அவர் மிகக் குறைவாக இட்டிருந்தார்; அபாயம் என்று நாம் அஞ்சிய தோட்டத்து வரப்பில், பகலானால், முழு மதிப்பெண். "அது என் காலுக்குத் தெரிஞ்ச இடம்" என்றார்.

வாசற்படிக்குத் தீர்வு எளிதாயிருந்தது. கட்டிலிலிருந்து கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்சு, இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு, நிலைப்படியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. உணர்விழந்த பாதத்துக்கு ரப்பர்ச் செருப்பு ஆகாது. பின்புறம் வார் வைத்த, அடி வழுக்காத காலணி வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாள்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விரல்கள் மின்சாரம் பாய்ந்தது போல் சுரீரென்று இழுக்கும். மார்கழியில் இப்பள்ளத்தாக்கின் விடியற்காலைத் தண்ணீரை அறிந்தவர்க்கு அது எப்படியிருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. ஒளூவை வீட்டிலேயே வெதுவெதுப்பான நீரில், உட்கார்ந்தபடி முடித்துக்கொண்டு புறப்படலாம் என்று முடிவாயிற்று. அத்துடன் ஹவுளின் வழுக்குப் படியும் அவர் வழியிலிருந்து அகன்றது.

மூன்றாவது இடம்தான் தொழுகை. இதில் நமக்குள் பேச்சு நிறையவே நடந்தது. இயலாதவர்க்கு மார்க்கம் எவ்வளவு இலேசாக்கித் தந்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. எலும்பில் நோய் பரவியவருக்கும், இரத்தத் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்தவருக்கும் நாற்காலி ஓர் அருட்கொடை. தட்டணு குறைந்திருக்கையில் தலை தரையில் மோதினால் உள்ளே இரத்தம் கசியும். அந்த நாள்களில் வீரம் காட்டுவது அறிவுடைமை ஆகாது. இதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் இயன்றவர் நாற்காலிக்கு முந்திக்கொள்வதில் ஒரு நட்டமும் இருக்கிறது. நாளொன்றுக்குப் பர்ளு மட்டும் பதினேழு ரக்அத்து. முப்பத்து நான்கு சுஜூது. பருவமடைந்த நாள் முதல் அறுபது ஆண்டுகளாக, தரைக்கு இறங்கித் தரையிலிருந்து எழும் வித்தையை இந்த மனிதர் நாள்தோறும் செய்துவந்திருக்கிறார். தொழுகை உடற்பயிற்சிக்காக ஏற்பட்டதன்று; அவ்வாறு சொல்லி அதன் தரத்தைக் குறைப்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. எனினும் அதன் வழியே சேர்ந்த அந்த வலிமையை இரண்டு மாதத்தில் நாற்காலியில் கரையவிட வேண்டுமா என்பதே கேள்வி. அச்சமே நாற்காலியைக் கேட்கிறதா, உடல் கேட்கிறதா? இரண்டையும் பிரித்தறிய ஒருவர் உதவ வேண்டியிருக்கிறது.

மருத்துவர் தடையில்லை என்று சொன்ன பிறகு பயிற்சி தொடங்கிற்று. முதல் வாரம், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது மட்டும். ஐந்து முறை, பிறகு எட்டு. அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. சுவரோரமாக ஒரு காலின் முன் மறுகாலை ஒட்டிவைத்து நடப்பது. அது வரப்பு நடையே என்று கண்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மூன்றாம் வாரம் தரைக்கு இறங்கினார். பக்கத்தில் கனமான முக்காலி. அதில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு முழங்கால் தரையிலும் ஒரு பாதம் முன்னாலுமாக வைத்து எழ வேண்டும். மகன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அந்தப் பெண் விதித்த நிபந்தனை. தூக்கிவிடப் பதறும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது தந்தையின் பயிற்சியைவிட மகனுக்குக் கடினமாக இருந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

பயிற்சியால் பலனுண்டா என்போர்க்கு: 2019-ல் வெளிவந்த காக்ரன் தொகுப்பாய்வு 108 சோதனைகளையும் 23,407 முதியவர்களையும் கணக்கிலெடுத்து, உடற்பயிற்சி வீழ்ச்சிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு 23 அளவில் குறைக்கிறது என்று கண்டது. அவர்கள் தத்தம் வீடுகளில் வாழ்ந்த பொதுவான முதியவர்கள். புற்றுநோயாளிகளென்று தனியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் தசையின் இயல்பு இருவர்க்கும் ஒன்றே.

பெரியத்தா பின்னர் ஒருமுறை விழத்தான் செய்தார். கொல்லைப்புறத்தில், பட்டப்பகலில், வாழைக்கு நீர் பாய்ந்த சேற்றில். யாரும் அருகிலில்லை. பக்கவாட்டில் புரண்டு, தவழ்ந்து, துவைகல்லைப் பற்றி, முழங்காலூன்றி எழுந்திருக்கிறார். வேட்டியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாலையில்தான் சொன்னார். தலையில் அடிபட்டதா என்று பதறிக் கேட்டதற்கு, "இல்லை, எந்திரிக்கத்தான் தெரியுமே" என்றார். (மறுநாள் மருத்துவரிடம் காட்டினோம். தலையில் அடிபட்டாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரானாலோ மறுநாள் வரை பொறுப்பது தவறு. அன்றே போக வேண்டும்.) அந்த வீழ்ச்சிக்குப் பிறகு அவர் ஒடுங்கவில்லை என்பதே நமக்கு வியப்பாயிருந்தது. எழத் தெரிந்தவருக்கு விழுவதன் அச்சம் பாதியாகிவிடுகிறது போலும்.

இனி, இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. கால் மதமதத்தும், கண் மங்கியும், "எனக்கென்ன" என்று மாடி ஏறுபவர்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் எழுபது முதல் தொண்ணூறு வயது வரையிலான 500 பேரை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட செய்தி இதில் சுவையானது. ஏறத்தாழ மூன்றிலொருவர்க்கு, மெய்யான அபாயமும் மனத்திலுள்ள அச்சமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உடல் நன்றாயிருந்தும் அஞ்சுவோர் ஒரு சாரார். அவர்களிடம் மனச்சோர்வு மிகுந்திருந்தது. அபாயமிருந்தும் அஞ்சாதோர் மற்றொரு சாரார். இவர்கள் அடிக்கடி விழுந்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். ஆய்வு அப்படிக் காட்டவில்லை. நடமாட்டத்தையும் ஊராரோடு கலந்து பழகுவதையும் விடாததே அவர்களுக்குக் காப்பாக இருந்தது. ஆகவே துணிந்தவரை அச்சுறுத்தி உட்காரவைப்பதிலும் நன்மையில்லை. அவருக்குக் கைத்தடியைக் கொடுக்கலாம். "தடி பிடித்தால் கிழவன் என்பார்கள்" என்று மறுப்பவர்க்கு ஒன்று சொல்வோம்: ஜும்ஆவில் மிம்பரில் ஏறும் கத்தீபு அஸாவைப் பிடித்து நிற்பதைக் கண்டு எவரேனும் அவரைத் தளர்ந்தவர் என்று எண்ணியதுண்டா?

பெண்களைப் பற்றிச் சொல்லாவிடில் இக்கட்டுரை பாதியே. பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினால் ஆணின் அச்சம் ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் மூதாட்டியின் அச்சம் யாருக்குத் தெரியும்? எமது உறவில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்டுவரும் ஒரு பெரியம்மா, அரிவாள்மணையில் அமர்வதை விட்டார். பிறகு மாடியில் வற்றல் காயவைப்பதை விட்டார். பிறகு உறவினர் வீட்டுக் கல்யாணங்களை விட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். மருத்துவரிடம் உடன்செல்பவன் மகன். மகன் முன்னிலையில் தலைசுற்றலையும், இரவில் மூன்றுமுறை சிறுநீருக்கு எழுவதையும் எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்? மகளோ மருமகளோ உடன்சென்றபோதுதான் எலும்பின் அடர்த்தியைச் சோதிக்க வேண்டும் என்ற பேச்சே எழுந்தது. வீட்டில் செய்த மாற்றங்களோ மிகச் சிறியவை. குந்தும் கழிப்பறையில் சுவரோடு ஓர் இரும்புக் கைப்பிடி. ஸஹருக்கு எழுபவர்களுக்காகச் சமையலறை வழியில் ஒரு விளக்கு. கால் நுனியில் சிக்கும் புர்காவின் கீழ்விளிம்பை இரண்டு விரற்கடை மடித்துத் தைத்தது. அந்த மடிப்புக்குப் பிறகே அவர் பேருந்தில் ஏறினார்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் இதில் பங்குண்டு. ஒளூ செய்யுமிடத்தில் அமர்வதற்குத் திண்டும், எழும்போது பிடிக்கக் கைப்பிடியும், ஈரக்காலோடு தொழுமிடம் வரும் வழியில் வழுக்காத விரிப்பும், பஜ்ருக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே ஏற்றிவைத்த வாசல் விளக்கும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. எமது மஹல்லாவில் ஒரு நாளில் கொத்தனார் வந்து கைப்பிடியைப் பொருத்திவிட்டுப் போனார். அதைப் பிடிப்பவர்கள் நோயாளிகள் மட்டுமே என்று நினைத்திருந்தோம். இப்போது கவனித்தால், ஐம்பதைத் தாண்டிய எல்லோருமே, யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, அதை ஒருமுறை பிடித்துவிட்டுத்தான் எழுகிறார்கள்.